பானைக்குள் 5,500 வாட்

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவதற்குக் கூட்டரசுச் சட்டம் 1978இல் வழிவிட்டது. இன்று அதில் ஈடுபடுவோர் பலர் கேஸ் அடுப்பை விட்டு மின்சாரத்துக்கு மாறியிருக்கிறார்கள். எவர்சில்வர் பானையின் பக்கவாட்டில் துளையிட்டு ஹீட்டர் எலிமென்ட்டைப் பொருத்துகிறார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியின் வயரிங்கையும் தாங்களே செய்துகொள்கிறார்கள். தண்ணீர், உலோகம், 240 வோல்ட் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் கூடுகிற இடம் அது. ஆபத்து வந்தால் பிரேக்கர் விழுந்து காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கைதான் அங்கே மிகவும் அபாயகரமானது.

கணக்கைப் பாருங்கள். 5,500 வாட் எலிமென்ட் 240 வோல்ட்டில் ஏறத்தாழ 23 ஆம்பியர் இழுக்கிறது. அதற்குப் போடுவது 30 ஆம்பியர் பிரேக்கர். ஆனால் கைத்தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போவதற்கு 10 முதல் 16 மில்லியாம்பியர் போதும். 30 ஆம்பியரில் அது ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய கசிவு பிரேக்கரின் கணக்கிலேயே வராது. வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதுதான் அதன் வேலை.

மனிதரைக் காப்பது ஜி.எஃப்.சி.ஐ. என்ற கருவி. மின்னதிர்ச்சி உடலை என்ன செய்கிறது என்று நெடுங்காலம் ஆராய்ந்த பெர்க்லி பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல் 1960களில் உருவாக்கியது. போகும் வயரும் திரும்பும் வயரும் ஒரே காந்த வளையத்துக்குள் நுழைகின்றன. இரண்டிலும் மின்னோட்டம் சமமாக இருந்தால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். 5 மில்லியாம்பியர் அளவுக்கு மின்சாரம் வேறு வழியில் கசிந்தாலே சமநிலை குலைகிறது. வளையத்தில் சுற்றிய கம்பிச்சுருளில் மின்னழுத்தம் பிறந்து இணைப்பைத் துண்டிக்கிறது. நம் வீடுகளில் 30 மில்லியாம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி.யும் இதே தத்துவம்தான்.

இது இருந்தாலும் எர்த் கட்டாயம் வேண்டும். எர்த் இல்லாத பானையில் கசிவு ஏற்பட்டால், யாராவது தொடும்வரை மின்சாரத்துக்குப் போக வழியில்லை. தொட்டவரின் உடல்தான் அந்த வழி. பானையின் உலோகத்தோடு எர்த் வயரைப் போல்ட் வைத்து இறுக்கியிருந்தால், கசிந்த கணமே, எவரும் தொடும் முன்பே கருவி விழுந்துவிடும்.

அடுத்தது பெட்டி. மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளுக்கு 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதனால் வெப்பக் கட்டுப்படுத்தி ஒன்று, சாலிட் ஸ்டேட் ரிலே என்ற மின்னணு சுவிட்ச் மூலம் எலிமென்ட்டை விட்டுவிட்டு எரியவைக்கிறது. இந்த ரிலே ஒவ்வொரு ஆம்பியருக்கும் ஒரு வாட் அளவில் தானும் சூடாகும். வெப்பத்தைக் கடத்த அலுமினியத் தகடு இல்லையென்றால் சீக்கிரம் கெடும். கெடும்போது பெரும்பாலும் ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்வதுதான் கொடுமை.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்க 240 வோல்ட் என்பது தரையைப் பொறுத்துத் தலா 120 வோல்ட் உள்ள இரண்டு உயிர் வயர்கள். ரிலே அவற்றில் ஒன்றை மட்டும் நிறுத்தினால், எலிமென்ட் சூடாகாது. ஆனால் மற்ற வயர் வழியாக அதில் 120 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். அணைந்துவிட்டது என்று நம்பிக் கை வைக்கக் கூடாது. ஆகவே இரண்டு வயர்களையும் சேர்த்துத் துண்டிக்கும் கான்டாக்டர் ஒன்றை ரிலேக்கு முன்னால் வைப்பதை நான் விருப்பத் தேர்வாகவே கருதமாட்டேன்.

எலிமென்ட் முழுதாக மூழ்காமல் சுவிட்சைப் போடக் கூடாது. காற்றில் எரிந்தால் சில நொடிகளில் பாழாகும். ஒவ்வொரு முறை காய்ச்சும் முன்பும் ஜி.எஃப்.சி.ஐ.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்று காய்ச்ச வேண்டாம். பானையைக் கழுவும் முன்பு பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.