ஆம்போரா எல்லாம் மதுச்சாடி ஆகுமா?

"ரோம் நகரத்தில் மதுச்சாடிகளை உடைத்துக் குவித்தே ஒரு குன்று எழுந்திருக்கிறது" என்று சென்ற வாரம் ஒரு காணொளியில் கேட்டேன். இதையே முன்பு இரண்டு கட்டுரைகளில் படித்திருக்கிறேன். குன்று இருப்பது உண்மை. ஆனால் அதில் குவிந்து கிடப்பவை ஆலிவ் எண்ணெய் வந்த சாடிகள். பழங்கால ரோமானியர்களின் பெரிய மண்சாடிக்குப் பெயரான 'ஆம்போரா'வைக் கண்டதும் தமிழில் 'மதுச்சாடி' என்று எழுதப் பழகிவிட்ட கைதான் எண்ணெயை மதுவாக்கியிருக்கிறது.

சொல்லின் பிறப்பு எளியது. கிரேக்கத்தில் 'ஆம்ஃபி' என்றால் இருபுறமும், 'ஃபெரெயின்' என்றால் சுமத்தல். இரண்டும் கூடிய நீண்ட சொல் குறுகி லத்தீனில் ஆம்போரா ஆனது. இருபுறமும் பிடித்துத் தூக்கும் கலம், அவ்வளவே. உள்ளே இருப்பது என்ன என்று அந்தச் சொல் சொல்லவே இல்லை.

உள்ளே இருந்தது என்ன என்பதைத்தான் தொல்லியலாளர்கள் ஒன்றரை நூற்றாண்டாகப் பாடுபட்டுக் கண்டறிந்திருக்கிறார்கள். மேலே சொன்ன குன்றின் பெயர் மோன்டே டெஸ்டாச்சோ. டைபர் ஆற்றங்கரையில், பழைய படகுத்துறைக்கும் கிடங்குகளுக்கும் அருகே, சுமார் 35 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. 1872இல் ஹைன்ரிஷ் டிரெசல் என்ற ஜெர்மானியர் அங்கே ஆராயத் தொடங்கினார். அவர் வகுத்த வரிசை எண்களால்தான் இன்றும் சாடி வகைகளைக் குறிக்கிறார்கள். குன்றில் மிகுதியாகக் கிடப்பது டிரெசல் 20 என்னும் உருண்டை வயிற்றுச் சாடி. காலிச் சாடியே சுமார் 30 கிலோ. அதில் 70 கிலோ அளவுக்கு எண்ணெய் பிடிக்கும். வந்த இடம் ஸ்பெயினின் தெற்கே, இன்று குவாடல்கிவிர் எனப்படும் ஆற்றின் கரைகள். பச்சை மண்ணிலேயே காதில், அதாவது பிடியில், குத்திய முத்திரை எந்தச் சூளை, எந்தப் பண்ணை என்று காட்டும். தோளில் மையால் எழுதியது காலி எடை, எண்ணெயின் எடை, ஏற்றியவர் பெயர் என்று நீளும். சிலவற்றில் ஆண்டுகூட இருக்கிறது. எண்ணெய் ஊறிய மண் சிக்கு நாறும், மறுபடி பயன்படாது. அதனால் உடைத்து அடுக்கி, நாற்றம் அடங்கச் சுண்ணாம்பு தூவினார்கள். ஒரு பெருநகரத்துக்கு அரசு எண்ணெய் வரவழைத்த கணக்குப் புத்தகமே மண்ணோடாக நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் போய் மதுச்சாடிக் குவியல் என்றால், படிப்பவர் மனத்தில் ரோமானியர்கள் குடித்துக் குடித்துக் குன்று கட்டியவர்களாகத்தானே பதிவார்கள்?

மதுச்சாடி என்ற பெயர் நம்மிடம் நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த, புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போரா ஓடுகளில் பெரும்பாலானவை மதுவுக்கானவையே. 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று மதுவைச் சொல்லும் புறநானூற்று அடியும் உடனே நினைவுக்கு வந்துவிடும். ஆனால் அதே அரிக்கமேட்டில் எண்ணெய் வந்த சாடியும், உப்பிட்டு வெயிலில் நொதிக்கவைத்து வடித்த மீன்சாறு வந்த சாடியும் உண்டு. (இந்தச் சாற்றையும் 'மீன் ஊறுகாய்' என்று எழுதுகிறார்கள். வடித்தெடுத்த சாறு எப்படி ஊறுகாய் ஆகும்?) மது ஏற்றிய சாடிக்கு உட்புறம் கீல் (மரப்பிசின்) பூசியிருப்பார்கள், எண்ணெய்ச் சாடிக்குப் பெரும்பாலும் பூச மாட்டார்கள். ஒரு ஓட்டின் உட்பூச்சைப் பார்த்து, வடிவத்தைப் பார்த்து, மண்ணைப் பார்த்து ஆய்வாளர் எட்ட வேண்டிய முடிவை நம் பெயர்ப்பு முதல் வரியிலேயே எழுதிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆம்போரா ஓர் அளவையும்கூட, ஏறத்தாழ 26 லிட்டர். கப்பலின் கொள்ளளவை அதில்தான் சொன்னார்கள். செனட் உறுப்பினர்கள் 300 ஆம்போராவுக்கு மேல் ஏற்றும் கடற்கப்பல் வைத்திருக்கக் கூடாது என்று கிமு 218இல் ரோமில் சட்டம் வந்தது. இங்கே 'முந்நூறு மதுச்சாடி' என்று பெயர்த்தால் அது மதுவிலக்குச் சட்டம் போலல்லவா ஒலிக்கும்?

சரி, எதைச் சொல்லலாம்? என் மனம் முதலில் போனது 'கலம்' என்ற சொல்லுக்கு. பாத்திரமும் கலம், கப்பலும் கலம், பன்னிரண்டு மரக்கால் கொண்ட அளவும் கலம். இவ்வளவு பொருத்தம் வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. ஆனாலும் ஆகாது. 'யவனர் தந்த வினைமாண் நன்கலம்' என்று அகநானூறு சொல்வது கப்பலை. 'ரோமானியக் கலம்' என்று எழுதினால் இன்றைய வாசகரும் கப்பலைத்தான் நினைப்பார். 'தாழி' என்றால் முதுமக்கள் தாழி முன்னால் வந்து நிற்கும். 'ஆம்போரா குடுவை' என்பது பாதி வேலை.

'இருகாதுச் சாடி' என்பதே என் முடிவு. பாத்திரத்தின் பிடியைக் காது என்று நம் வீடுகளில் சொல்கிறோம். சாடி என்பது ஜாடியைத் திரித்து எழுதியது என்று ஒதுக்குபவர்கள் பெரும்பாணாற்றுப்படையில் 'வல்வாய்ச் சாடி' இருப்பதைப் பார்க்கட்டும். அளவையாக வருமிடத்தில் ஆம்போரா என்றே விட்டுவிடலாம், லிட்டரை நாம் பெயர்ப்பதில்லையே.

பிற்காலத்தில் ரோமானியர்கள் மரப் பீப்பாய்க்கு மெல்ல மாறினார்கள். பீப்பாய் போர்த்துக்கீசியத்திலிருந்து நமக்கு வந்த சொல். அதை யாரும் மதுப்பீப்பாய் என்று பெயர்க்கவில்லை. தார் வந்தால் தார்ப் பீப்பாய், எண்ணெய் வந்தால் எண்ணெய்ப் பீப்பாய் என்று சரியாகத்தான் சொல்கிறோம். பிரான்ஸின் தெற்குக் கரைக்கு அப்பால் மட்ராக் தெ ஜியான் என்ற இடத்தில், கிமு முதல் நூற்றாண்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சாடிகளோடு மூழ்கிய கப்பல் கிடைத்தது. அவற்றில் வந்தது இத்தாலிய மது. அங்கே 'மது ஏற்றிய இருகாதுச் சாடிகள்' என்று தாராளமாக எழுதுங்கள்.