விசா வந்த பிறகு நாயை நினைத்துக்கொள்பவர்களுக்கு

மூன்று மாதத்துக்கு முன் டைகர் என் மிருக வைத்திய கிளினிக்குக்கு வந்தபோதே, வெளிநாட்டுக்கு நாய் கொண்டுபோவது பற்றி இதை எழுதியிருக்க வேண்டும். சோம்பல். நேற்று பின்னேரம் இன்னொருவர், விமானத்துக்கு 11 நாள் மிச்சம் இருக்கும்போது ஒரு லெப்ரடோரை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். அவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்த கையோடு எழுதுகிறேன், கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டைகர் இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்து நாய். பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும், கையை நீட்டினால் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாலை ஆட்டும். ஆட்டோவின் பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தது. கணவர் இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விசா வந்துவிட்டது, டிக்கட்டும் போட்டாயிற்று, இன்னும் 18 நாள். அந்த அக்கா பொலித்தீன் பையிலிருந்து ஒரு தடுப்பூசி அட்டையைப் பவ்வியமாக எடுத்து நீட்டினார். "ஊசியெல்லாம் ஒழுங்கா போட்டிருக்கு டொக்டர். ஒரு சேர்ட்டிபிகேட் மட்டும் எழுதித் தந்தீங்கன்னா கூட்டிட்டுப் போயிருவோம்."

ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை தடவை கேட்டுவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆகவே இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன், மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அந்த அட்டையில் என்ன இருந்தது? நாயின் பெயர் டைகர். நிறம் பழுப்பு. ஆண். திகதி, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். சரி, அட்டனிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் பழுப்பு நிறத்தில் டைகர் என்ற பெயரில் எத்தனை ஆண் நாய்கள் இருக்கும்? நான் மட்டுமே ஏழெட்டுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். தோட்டத்துக்கு வந்து இலவசமாக ஊசி போட்டுப் போகிறார்களே, அந்த அட்டையை நான் குறை சொல்லவில்லை. விசர்நாய் நோயை (ரேபிஸ்) ஊருக்குள் தடுப்பதற்கு அது போதும். ஆனால் லண்டன் விமான நிலையத்தில் பெட்டிக்குள் இருக்கிற நாய்தான் அட்டையில் எழுதியிருக்கிற நாய் என்று அந்த அட்டையால் சொல்ல முடியாது. அடையாள அட்டை இலக்கம் போடாத பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய், இது நான்தான் என்று வங்கியில் நின்று வாதாடுவீர்களா?

அதனால்தான் மைக்ரோசிப். அரிசி மணி அளவு, தோளுக்கு மேலே தோலுக்கடியில் போடுவது. ஐ.எஸ்.ஓ 11784, 11785 தரத்தில், 15 இலக்க எண்ணோடு இருக்கவேண்டும். (நாய் எங்கே நிற்கிறது என்று அது போனுக்குச் சொல்லாது. இதையும் வாரம் ஒருவர் கேட்கிறார்.) முதலில் சிப், அதற்குப் பிறகுதான் ஊசி. அதே நாளில் போட்டாலும் சிப்பைப் போட்டு, ஸ்கேனரில் எண்ணைப் பார்த்து எழுதிவிட்டுத்தான் ஊசியை எடுக்கவேண்டும். சிப் இல்லாமல் போட்ட ஊசி, பத்து வருடம் தவறாமல் போட்டிருந்தாலும், ஐரோப்பாவுக்கும் பிரித்தானியாவுக்கும் போடாத ஊசிதான். நாய் பாதுகாப்பாக இருக்கலாம், நான் நம்புகிறேன், ஆனால் கடதாசிக்குத் தெரியாது.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. ஊசி போட்டதற்கும் உடம்பில் எதிர்ப்பு உண்டானதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதை இந்த நாடுகள் பிடிவாதமாக நம்புகின்றன, அதில் பிழையும் இல்லை. இலங்கை நாய்கள் வழியாக ரேபிஸ் பரவும் நாடு. அதனால் சிப்புக்குப் பிறகு போட்ட ஊசியிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகரித்த வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். ரேபிஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகோ அதற்கு மேலோ வரவேண்டும். வந்துவிட்டதா? இப்போது உட்கார்ந்து மூன்று மாதம் காத்திருக்கவேண்டும், இரத்தம் எடுத்த நாளிலிருந்து. பணம் கட்டினாலும் குறையாது. தெரிந்த ஆள் இருந்தாலும் குறையாது. "அவசரம்னு ஒரு கடிதம் எழுதித் தர ஏலாதா" என்று கேட்டார் நேற்று வந்தவர். யாருக்கு எழுதுவது, கிருமிக்கா? கடித்த நாளிலிருந்து நோய் வெளியே தெரிய மாதக்கணக்காகலாம், அதற்காகத்தான் அந்தக் காத்திருப்பே.

கூட்டிப் பாருங்கள். ஒரு மாதம், பிறகு மூன்று மாதம், நடுவில் மாதிரி போய் முடிவு வரும் நாட்கள். முதல் ஊசி மட்டுமே போட்ட இளம் நாய் சில நேரம் 0.5ஐத் தொடாது, மறுபடி ஊசி, மறுபடி இரத்தம். நான் ஏழு மாதம் என்று சொல்லுவது இதனால்தான். விசாவுக்கு விண்ணப்பிக்கிற நாளிலேயே, கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாதபோதே, நாயைக் கொண்டு வாருங்கள். விசா கிடைக்காமல் போனால் என்ன நட்டம்? சிப் போட்ட, நல்ல ஊசி போட்ட நாய் ஒன்று உங்களிடம் மிஞ்சும்.

அந்த முடிவு ஒருமுறை வந்துவிட்டால் ஐரோப்பாவுக்கும் பிரித்தானியாவுக்கும் திரும்ப எடுக்கத் தேவையில்லை, ஆனால் அடுத்தடுத்த ஊசியை நாள் தவறாமல் போடவேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் எல்லாம் ஆரம்பத்திலிருந்து. திருவிழா வந்தது, தேர் வந்தது, மழை பெய்தது என்று இரண்டு வாரம் கழித்து வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

தொழில் பக்கத்து விஷயம் ஒன்று. 15 இலக்கத்தில் ஒன்று மாறினால் முழுக் கோப்பும் குப்பை. ஒரு பூனையின் கடதாசியில் யாரோ 1ஐ 7 மாதிரி எழுதி, அதைப் பார்த்து அடுத்தவர் 7 என்றே அடித்து, கடைசிக் கிழமையில் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து என் கிளினிக்கில் நான் ஸ்கேனரைப் பார்த்து வாசிக்க, உதவியாளத் தங்கச்சி திருப்பிச் சொல்ல, பிறகுதான் எழுதுவோம். உங்கள் டொக்டர் ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் பண்ணாவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். இரத்தமும் அப்படித்தான்: சீரத்தை (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) பிரித்து குளிரில் வைக்கவேண்டும், சிவந்துபோனால் ஆய்வுகூடம் திருப்பிவிடும். 2022 மார்ச்சில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில் நான் சீரக்குழாயை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்திருக்கிறேன்.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடா கொஞ்சம் இரக்கமானது: சொந்த நாய், அதன் உரிமையாளரோடு போனால் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழோடு போகலாம், இரத்தப் பரிசோதனை கேட்பதில்லை. ஆனால் 2022 செப்டெம்பர் 28 முதல் இலங்கை உட்பட ரேபிஸ் அபாய நாடுகளிலிருந்து விற்பனைக்கோ தத்துக் கொடுக்கவோ நாய் கொண்டுபோக முடியாது, ஆகவே மாமா வீட்டுக்கு ஒரு குட்டியையும் சேர்த்துக் கொண்டுபோகிற யோசனையை விடுங்கள். அமெரிக்காவுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் புதுச் சட்டம்: நாய்க்கு ஆறு மாதமாவது ஆகியிருக்கவேண்டும், சிப், அரச மிருக வைத்தியர் உறுதிப்படுத்திய படிவம், அங்கே பதிவுசெய்த நிலையத்தில் முன்கூட்டியே இடம். இரத்த முடிவு இல்லாமல் போனால் 28 நாள் அடைப்பு, உங்கள் செலவில். அவுஸ்திரேலியாவுக்கு இங்கிருந்து நேரே நாயும் போகாது பூனையும் போகாது. அவர்கள் அங்கீகரித்த வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் இருந்து, பிறகு மெல்பேர்னுக்குப் பக்கத்தில் மிக்கிள்ஹாமில் தனிமைப்படுத்தல். செல்லத்தின் வயது பத்துக்கு மேல் என்றால், என்னைக் கேட்டால், வேண்டாம்.

பிரித்தானியாவுக்கு இன்னும் சில. செல்லப்பிராணி உங்கள் சீட்டுக்குக் கீழே போகாது, சரக்காகத்தான் போகும். நாய்க்கு அங்கே இறங்குவதற்கு முன் 24 முதல் 120 மணித்தியாலத்துக்குள் நாடாப்புழு மருந்து, அதை வைத்தியர் கையால் கொடுத்து நேரத்தோடு எழுதவேண்டும், வீட்டில் வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தது கணக்கில் வராது. சுகாதாரச் சான்றிதழும் கடைசிப் பத்து நாளுக்குள். என் கையெழுத்து மட்டும் போதாது, கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்து அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அந்தத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனை கெட்டம்பேயில்தான் இருக்கிறது, நமக்குக் கிட்ட. ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வரக் கால் வலிக்காது.

"போற அன்னைக்கு ஒரு தூக்க ஊசி போட்டு விடுங்க டொக்டர்." மாட்டேன். இதில் பேரம் இல்லை. மயக்க மருந்தில் இரத்த அழுத்தம் இறங்கும், உடம்பு தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளாது, பெட்டி சரிந்தால் கால் ஊன்றி நிற்கத் தெரியாது, அங்கே உள்ளே எட்டிப் பார்க்கவும் ஆள் இல்லை. மயங்கிய நாயை விமான நிறுவனங்களும் ஏற்காது. பக், பேர்சியன் பூனை மாதிரி மூக்குச் சப்பையான சாதிகளுக்கு மயக்கம் கொடுப்பது கொலைக்குச் சமம், அவற்றைச் சும்மா ஏற்றவே பல நிறுவனங்கள் மறுக்கின்றன.

மருந்துக்குப் பதில் பெட்டி பழக்குங்கள். நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் வேண்டும். மூக்கிலிருந்து வால் அடி வரை அளந்து, அதோடு முழங்கையிலிருந்து தரை வரையுள்ள அளவில் பாதியைக் கூட்டினால் நீளம். தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு அகலம். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் தச்சரிடம் சொல்லிச் செய்விக்கிறார்கள், ஒட்டுப்பலகை என்றால் பரவாயில்லை, சாதாரண மரச் சட்டம் போட்டால் மரத்தை வெப்பமேற்றியதற்கான முத்திரை கேட்பார்கள். பறக்கிறதுக்கு ஒன்றரை மாதம் முன்பே முன்வாசலில் வைத்து, சோற்றை அதற்குள் வையுங்கள். கதவைச் சாத்துவது பிறகு.

நம்மூருக்கென்று ஒரு தலைவலி உண்டு, கொழும்பு டொக்டர்மார் இதை எழுதமாட்டார்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அந்தக் குளிரில் பிறந்து வளர்ந்து ரோமம் தடித்த நாய், வாழ்நாளில் வேனில் ஏறாதது, திடீரென்று ஒரு பகலில் வளைவு வளைவாக இறங்கிக் கட்டுநாயக்க வெக்கையில் பெட்டிக்குள் நிற்கும். விமானத்தில் அல்ல, இந்தப் பாதையில்தான் எனக்குப் பயம். இரவில் இறக்குங்கள். கிளம்ப நான்கைந்து மணித்தியாலம் முன்பே சோற்றை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். அதற்கு முன் சும்மா நாலைந்து தடவை வேனில் ஏற்றி அட்டன் டவுன் வரை கூட்டிப்போய் வாருங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தம் பார்த்துவிடுங்கள், அலைச்சலில் அது தலைதூக்கும். தும்மித் தும்மி மூக்கில் இரத்தம் வருகிறதா, ஓடையில் தண்ணீர் குடிக்கிற நாயா, மூக்குக்குள் இரத்தம் உறிஞ்சுகிற அட்டைப்பூச்சி இருக்கலாம், அதை இங்கேயே எடுத்துவிடுவோம். இங்கிலாந்து டொக்டருக்கு அது பேய்க்கதை மாதிரி இருக்கும்.

கொண்டுபோக முடியாதவர்கள் சொல்லிவிடுங்கள், யாரும் தலையை வெட்டப்போவதில்லை. மூன்று மாதத்துக்கு முன் சொன்னால் வீடு தேடலாம். தயவுசெய்து தேயிலை பெக்டரிக்குப் பக்கத்தில் அவிழ்த்து விட்டுவிட்டு, "அது பிழைச்சுக்கும்" என்று சொல்லாதீர்கள். தேயிலைக்குள் சிறுத்தை நடமாடுகிற ஊர் இது, கட்டாத நாய் அதற்கு லேசான இரை.

எங்கள் பாட்டி சொல்லுவார்: தோட்டத்து ஆட்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்புகிற ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் வந்த பிறகு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு) ஒவ்வொரு காம்பராவாகப் பூட்டிக்கொண்டு ஆட்கள் தலைமன்னார் ரயிலுக்குப் போனபோது, அம்மிக்கல் கூட மூட்டையில் ஏறியதாம், நாய் மட்டும் ஏறவில்லை. பூட்டின வாசலில் வாரக்கணக்காகப் படுத்துக்கிடந்த ஒன்றுக்குப் பாட்டி சோறு வைத்திருக்கிறார், அது பக்கத்துக் காம்பராவுக்கு வரவே இல்லையாம். அப்போது வழி இல்லை. இப்போது வழி இருக்கிறது, நாம்தான் கலண்டரைப் பார்க்கமாட்டோம் என்கிறோம்.

டைகர் கதையை முடித்துவிடுகிறேன். அந்த அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மூத்த பிள்ளைதான் "அப்ப நாங்க இல்லாம எப்படி வரும்?" என்று கேட்டது, நல்ல கேள்வி: நாயின் உரிமையாளர் பயணம் செய்கிற நாளுக்கு ஐந்து நாளுக்குள் நாயும் போகவேண்டும், இல்லாவிட்டால் வியாபாரச் சரக்கின் சட்டம் வந்துவிடும். கணவர் ஏப்ரலில் லீவில் வருகிறார், திரும்பும்போது கூட்டிப்போகட்டும் என்று பேசி முடித்தோம். அன்றே சிப், அன்றே ஊசி. 33ஆம் நாள் அக்காவின் தம்பி டைகரைக் கொண்டுவந்து இரத்தம் கொடுத்தார், முடிவு 0.5க்கு நன்றாக மேலே. இன்னும் ஒரு மாதமும் சொச்சமும் எண்ணவேண்டும்.

பெட்டியை முன்வாசலில் வைக்கச் சொல்லியிருந்தேன். போன வாரம் அந்தப் பக்கம் ஒரு மாட்டைப் பார்க்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். பெட்டிக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது, டைகர் வெளியே படுத்து அதற்குக் காவல். தம்பி தலையைச் சொறிந்தார். "இருபத்தொரு நாள்ல எந்திரிச்சுரும் டொக்டர்" என்றார்.