மெய்நிகர்: மெய் என்றால் உடம்பும்தான்

பள்ளிக்கூடத்து இயற்பியலில் இரண்டு பிம்பங்கள் படித்திருப்போம். திரையில் பிடிக்க முடிவது மெய் பிம்பம். முகம் பார்க்கும் கண்ணாடிக்குள் தெரிவது மாய பிம்பம். இந்த 'மாய'த்துக்கு ஆங்கிலச் சொல் வர்ச்சுவல். கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு கணினி காட்டும் உலகத்துக்குள் போவதை 'வர்ச்சுவல் ரியாலிட்டி', சுருக்கமாக வி.ஆர்., என்கிறார்கள். அதே வர்ச்சுவல், ரியாலிட்டியோடு சேர்ந்து தமிழுக்கு வந்தபோது மாயத்தை விட்டு 'மெய்நிகர்' என்று ஆனது. இது நல்ல மாற்றம் என்பது என் கருத்து.

வர்ச்சுவலின் வேர் லத்தீனில் 'விர்தூஸ்'. ஆற்றல், ஆண்மை என்று பொருள். அதற்கும் அடியில் 'விர்', அதாவது ஆண்மகன். ஆற்றலைக் குறித்த சொல், காலப்போக்கில் 'வடிவில் அதுவல்ல, பயனில் அதுவே' என்ற பொருளுக்கு நகர்ந்தது. ஆந்தொனென் ஆர்த்தோ என்ற பிரெஞ்சு நாடகக்காரர், 1938-இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுப்பில், மேடை உருவாக்கும் உலகத்தை 'வர்ச்சுவல் ரியாலிட்டி' என்ற தொடரின் பிரெஞ்சு வடிவத்தால் குறித்தார். கணினிக்கு அதைப் பரவலாக்கியவர் கணினி வல்லுநர் ஜேரன் லேனியர், 1980-களில். கணினிக்கு அந்தப் பெயர் வருமுன்பே கருவி வந்துவிட்டது. 1968-இல் கணினி அறிஞர் ஐவன் சதர்லேண்ட் செய்த, கண்முன் காட்சி காட்டும் தலைக்கவசம் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டிய அளவுக்குக் கனமாக இருந்தது.

இனி நம் சொல். 'நிகர்' என்றால் ஒப்பு. உவம உருபுகளை அடுக்கும் நன்னூல் 'நேர நிகர அன்ன இன்ன' என்று அதையும் சேர்த்தே சொல்கிறது. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் கொங்குப் பக்கம் உரிமையோடு சொல்வார்கள். 'மெய்'க்கு உண்மை என்று ஒரு பொருள். ஆகவே 'மெய்நிகர் உண்மை', 'மெய்நிகர் யதார்த்தம்' என்று எழுதுவது மெய்யை இரண்டு முறை சொல்வது. மெய்நிகர் உலகம், மெய்நிகர்க் காட்சி என்றால் போதும். வீட்டிலிருந்து செல்போனில் பார்க்கும் பாடத்தை 'மெய்நிகர் வகுப்பு' என்பதும் வேண்டாம். அது இணையவழி வகுப்பு.

ஆனால் மெய்க்கு இன்னொரு பொருளும் உண்டு. மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐம்பொறியை எண்ணத் தொடங்கும்போது முதலில் நிற்பது உடம்பு. இந்தக் கருவியும் முதலில் கேட்பது உடம்பைத்தான். நிற்கும் கால், திரும்பும் கழுத்து, இரண்டு கை, இரண்டு கண், அரைக்கிலோ எடையை முகத்தில் தாங்கும் தெம்பு.

என் பெரியப்பா மகன் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை ஏறியவர். மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கை இரண்டும் நல்ல பலம். கோயமுத்தூரில் ஒரு வணிக வளாகத்தில் வி.ஆர். விளையாட்டுக் கடை பார்த்ததும் ஆசைப்பட்டார். வாசலில் சாய்தளம், கதவு அகலம், எல்லாம் சரி. மாட்டிவிட்ட பையன் பழக்கதோஷத்தில், "எந்திரிச்சு நில்லுங்ணா" என்றான். சொன்ன பிறகு அவன் முகம் வாடிவிட்டது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே மாட்டினோம். உட்கார்ந்தவர் உயரத்தைக் கருவி குழந்தை உயரமாக எடுத்துக்கொண்டதால், உள்ளே இருந்த மேசை விளிம்பு அவர் மூக்குக்கு நேரே நின்றது. தரையில் கிடந்த பந்தை எடுக்கக் குனிந்தால் கைப்பிடி தடுத்தது. பின்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இரண்டு கையும் சக்கரத்துக்குப் போயாக வேண்டும். கையிலிருந்த கருவிகளை மடியில் வைத்தார். உள்ளே அவருடைய கைகளும் மடியளவுக்குத் தாழ்ந்து அசையாமல் கிடந்தன. அஞ்சே நிமிசத்தில் கழற்றிவிட்டார். "கிட்டத்துல போயாச்சு தம்பி, பொழங்கத்தான் முடியல" என்றார்.

இதற்கான சொல்லைத்தான் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஆக்ஸசிபிலிட்டி என்பதற்கு 'அணுகல்தன்மை' என்று எழுதுகிறோம். மூலத்துக்கு நேர்மையான ஆக்கம்தான். லத்தீன் வேரும் 'நெருங்கிச் செல்' என்றே சொல்கிறது. 21 வகைக் குறைபாடுகளை ஏற்கும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பேசும்போது அந்தச் சொல்லே இருக்கட்டும். ஆனால் அணுகுதல் வாசலோடு நின்றுவிடுகிறது. சாய்தளம் அணுகவிட்டது, உள்ளே போன பிறகு? கொங்குப் பேச்சில் புழங்கற தண்ணி, புழங்கற பாத்திரம், நாலு பேர் புழங்கற வீடு என்போம். கையும் உடம்பும் பழகி, யாரையும் கேட்காமல் எடுத்தாள்வது புழக்கம். மெய்நிகருக்கு அணுகலைவிடப் புழக்கமே பொருத்தமான துணை. 'புழங்குதன்மை' என்று எழுதினால் யாருக்கும் விளங்கும்.

புழங்கவைக்க முடியாத வித்தையும் இல்லை இது. உட்கார்ந்தவருக்கு நிற்பவர் உயரத்தில் காட்சியைக் காட்டும் அமைப்பு சில கருவிகளிலேயே இருக்கிறது. பார்வை இல்லாதவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு கைத்தடிக் கருவி செய்தார்கள். உள்ளே இருக்கும் சுவரில் தடி முட்டினால், இடுப்பில் கட்டிய அமைப்பு கையை மேற்கொண்டு போகவிடாமல் பிடித்து நிறுத்தும். தரையின் சொரசொரப்பு அதிர்வாக வரும். தட்டும் ஒலி எந்தத் திசை என்று காதுக்குத் தெரியும். அங்கே கண்ணே வேண்டியதில்லை, மெய்யும் செவியுமே உலகத்தை நிகர்த்துவிடுகின்றன. மங்கலாகத் தெரிபவர்களுக்குப் பெரிதாக்கிக் காட்டுவது, விளிம்புக்குக் கோடு போடுவது, எழுத்தை வாசித்துச் சொல்வது என 14 வசதிகளை அடுத்த ஆண்டு ஒரு தொகுப்பாகவே தந்தார்கள். காது கேளாதவர்களுக்கு எழுத்து மட்டும் ஓடினால் போதாது. பேசுபவர் முதுகுக்குப் பின்னால் நின்றால் எந்தப் பக்கம் என்று அம்புக்குறியும் வேண்டும்.

அந்தக் கடைக்கு மறுபடி போனோம். உயரத்தைக் கூட்டும் அமைப்பு அந்தக் கருவியிலும் இருந்தது, பையனுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. பட்டியலில் மூன்று படி உள்ளே தள்ளி இருந்ததைத் தேடி எடுத்துப் போட்டோம். மேசை மூக்கிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. அண்ணன் குனியாமலே அதன்மேல் கையை வைத்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.