லாபியில் யாரோடு யாரைச் சேர்ப்பது?

கல்முனையில் கடை பூட்டிவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரை மணித்தியாலம் பப்ஜி மொபைல் போடுகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வீட்டில் அவருடைய மனைவியின் தம்பி, வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிறவன், விடியப்புறம் வரைக்கும் அதே விளையாட்டில்தான் கிடக்கிறான். அத்தானுக்கு அன்றைய அலுப்புத் தீர்ந்தால் போதும். தம்பிக்கு ரேங்க் ஏற வேண்டும். இருவரையும் எதிரெதிரே விட்டால் அத்தான் நாலு நாளில் கேமை அழித்துவிடுவார். அத்தானைப் போன்றவர்கள் எல்லோரும் போய்விட்டால், நூறு பேர் இறங்க வேண்டிய களத்துக்குத் தம்பியால் ஆள் பிடிக்க முடியாது. ஆகவே, விளையாட்டை உருவாக்குகிறவர்கள் இந்த இருவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டு, ஆட்டம் தொடங்குமுன் ஆட்கள் கூடும் லாபியில் முடிந்தவரை ஒருவரை ஒருவர் சந்திக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

அதற்கான கணக்கு சதுரங்கத்திலிருந்து வந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகவியல் கற்பித்த ஆர்பட் எலோ உருவாக்கிய முறையை அமெரிக்க சதுரங்க சம்மேளனம் 1960இலும், உலக சம்மேளனம் 1970இலும் ஏற்றுக்கொண்டன. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் இருக்கும். இருவரின் எண்ணும் ஒன்றென்றால் வெல்லும் வாய்ப்பு ஆளுக்குப் பாதி. 200 புள்ளி கூடியவருக்கு வாய்ப்பு 76 சதவீதம், 400 கூடியவருக்கு 91. ஆட்டம் முடிந்ததும், எதிர்பார்த்தது எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று பார்த்து எண் மாறும். ஒரு ஆட்டத்துக்கு ஆகக்கூடியது 32 புள்ளி என்று வைத்தால், 200 புள்ளி கூடியவர் வென்று எடுப்பது வெறும் 8. குறைந்தவர் வென்றுவிட்டால் அவருக்கு 24. பலவீனமானவரை அடித்து அடித்து மேலே ஏற முடியாதபடி கணக்கே பார்த்துக்கொள்கிறது.

எப்போதாவது விளையாடுகிறவர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு மாதம் போனைத் தொடாமல் இருந்துவிட்டு வருகிறவரின் பழைய எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? 1995இல் மார்க் கிளிக்மன் இதற்கு விடையாக, எண்ணோடு சேர்த்து அந்த எண்ணின் நிச்சயமின்மையையும் எழுதி வைத்தார். விளையாடாத நாட்களில் நிச்சயமின்மை கூடும், திரும்ப வந்து விளையாட விளையாடக் குறையும். மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் எக்ஸ்பொக்ஸுக்காகச் செய்த ட்ரூஸ்கில் முறையும் இதே வழியில்தான் போகிறது. அதில் புதியவரின் திறமை 25 என்று தொடங்கும், நிச்சயமின்மை ஏறக்குறைய 8.33. தரவரிசைக்கு எடுப்பது முதலாவதிலிருந்து இரண்டாவதை மூன்று தடவை கழித்து வருவதை. அதாவது, புதியவருக்குப் பூச்சியம். 'ஆகக் குறைந்தது இவ்வளவாவது தேறுவார்' என்பதுதான் அந்த எண்ணின் பொருள். அதனால்தான் முதல் சில கிழமைகளில் படபடவென்று ஏறி, பிறகு ஒரு இடத்தில் நின்றுவிடுவது போலத் தோன்றும்.

சரி, கணக்கு ஒழுங்காக வேலை செய்தால் என்ன நடக்கும்? இரண்டு அணி மோதும் விளையாட்டில் எல்லோரும் ஏறக்குறைய பாதி ஆட்டம் தோற்பார்கள். இங்கேதான் சண்டை தொடங்குகிறது. அத்தானுக்குப் பாதி வெற்றி என்பது பெரிய விஷயம். தம்பியோ இரண்டு வருடமாக உழைத்து நூறு மடங்கு கெட்டிக்காரனாகியும், கையில் வருவது அதே பாதி வெற்றிதான். முன்பு இலகுவாக வென்றவன் இப்போது ஒவ்வொரு ஆட்டத்திலும் வியர்க்கிறான். 'கேம் வேண்டுமென்றே என்னைத் தோற்கடிக்குது மச்சான்' என்கிறான். தொடர்ந்து ஐந்து தோல்வி வந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நாணயத்தை நூறு தடவை சுண்டினால், எங்கோ ஓரிடத்தில் ஐந்து தடவை தொடர்ந்து பூ விழுவதற்கான வாய்ப்பு ஐந்தில் நாலு. பாதிக்குப் பாதி என்பது ஒன்றுவிட்டு ஒன்று வராது, கொத்துக் கொத்தாகத்தான் வரும்.

அவனுடைய சந்தேகம் முற்றிலும் ஆதாரமில்லாதது என்றும் சொல்ல மாட்டேன். விளையாட்டுக்குள் பொருள் வாங்கத் தூண்டும் விதத்தில் ஆட்களைச் சேர்க்கும் முறைக்கு அக்டிவிஷன் நிறுவனத்துக்கு 2017இல் காப்புரிமை கிடைத்தது. எந்த விளையாட்டிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. கணக்கை மூடி வைத்திருக்கும் வரை இப்படியான பேச்சு நிற்காது. அதே நிறுவனம் 2024இல் தன்னுடைய கோல் ஒஃப் டியூட்டி என்ற துவக்குச் சண்டை விளையாட்டின் ஆள் சேர்க்கும் முறையைப் பற்றி வெளிப்படையாக எழுதியது. திறமையைக் கணக்கில் எடுக்கும்போது 80 முதல் 90 சதவீதமானோர் ஆட்டத்தில் நல்ல இடத்தில் முடிக்கிறார்கள், நீண்ட காலம் தங்குகிறார்கள், இடையில் விட்டு ஓடுவது குறைகிறது என்றது அந்த அறிக்கை. மிச்சமிருக்கும் மேல்தட்டுக்காரர்கள்தான் யூடியூபில் சத்தம் போடுகிறவர்கள். சத்தத்தை எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டால் வடிவமைப்பாளர் தவறான பக்கம் திருத்துவார்.

இன்னொரு நெருக்கடி நேரம். திறமை மணிவடிவில் பரவியிருக்கிறது என்று எடுத்தால், நடுவிலிருந்து ஒரு நியம விலகலுக்குள் (சராசரியிலிருந்து ஆட்கள் சிதறி நிற்கும் வழமையான தூரம்) 68 சதவீதமானோர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டு விலகலுக்கு மேலே இருப்பவர்கள் 2.3 சதவீதம்தான். நடுவில் நிற்கும் அத்தானுக்குச் சமமானவர்கள் எந்த நேரமும் கிடைப்பார்கள். விடியப்புறம் இரண்டு மணிக்குத் தம்பிக்கு ஒத்த ஆள் எங்கே? அதனால் சேர்வர் முதலில் அவனுடைய எண்ணுக்கு மிக நெருங்கியவர்களைத் தேடும். சில செக்கனுக்கு ஒருதடவை வலையை அகலிக்கும். அகலிக்க அகலிக்க ஒன்று திறமை விலகும், இல்லையென்றால் சேர்வருக்கான தூரம் கூடும்.

தூரம் மட்டக்களப்புக்காரருக்குக் கையில் சுடும் விஷயம். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீற்றர் போகும். சேர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று வைத்தால், மட்டக்களப்பிலிருந்து அங்கே நேர்கோடு போட்டால் சுமார் 2,500 கிலோமீற்றர். போய்த் திரும்ப 25 மில்லிசெக்கன். இது இயற்கை விதித்த ஆகக்குறைந்த அளவு, எந்தப் பெக்கேஜ் போட்டாலும் இதற்குக் கீழே வராது. நிஜத்தில் பாதை நேராகவும் இல்லை. வங்கக் கடல் கல்லடிக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. நாட்டின் கடலடிக் கேபிள்கள் கரையேறுவதோ கொழும்புப் பக்கமும் மாத்தறையிலும். ஆகவே சிக்னல் முதலில் தரைவழியே நாட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். 40 மில்லிசெக்கனுக்கும் 90க்கும் உள்ள வித்தியாசம் அத்தானுக்குத் தெரியவே தெரியாது. சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் குண்டு பட்டுச் சாகும்போது தம்பிக்கு நன்றாகத் தெரியும்.

இருவரும் ஒரே ஸ்குவாட்டில் சேர்ந்து விளையாட ஆசைப்பட்டால்? வடிவமைப்பாளருக்கு ஆகப்பெரிய தலையிடி இதுதான். சராசரி எடுத்தால் எதிரே வருகிறவர்கள் தம்பிக்கு மிக இலகு, அத்தானுக்கு எமன். கூடியவரின் எண்ணை எடுத்தால் அத்தான் இறங்கிய உடனே போய்ச் சேர்ந்துவிடுவார். ரேங்க் ஆட்டங்களில் லீக் ஒஃப் லெஜண்ட்ஸ் போன்ற அணி விளையாட்டுகள், தரம் அதிகம் விலகியவர்கள் சேர்ந்து வரிசையில் நிற்கவே தடை போட்டுவிட்டன. இதற்கு மாற்றாகத் தம்பி புதிதாக ஒரு கணக்குத் திறந்து கீழ்ப்படியில் நுழைந்தால், அது அத்தானுக்கு உதவி, எதிரே இருக்கும் பத்து அத்தான்மாருக்குக் கொடுமை. 2023 செப்டம்பரில் வால்வ் நிறுவனம் டோட்டா 2 விளையாட்டில் இப்படியான 90,000 கணக்குகளைத் தடைசெய்தது.

எண்ணுக்கு வெளியேயும் சில உபாயங்கள் உண்டு. கீழ்ப்படிகளில் பொட், அதாவது ஆளைப் போல விளையாடும் கணினி ஆட்டக்காரர்களை, கலப்பது ஒன்று. ஃபோர்ட்நைட் 2019 செப்டம்பரில் அதை அறிவித்தே செய்தது. திறமை கூடக் கூட பொட் குறையும் என்றது. முதல் கிழமையிலேயே பத்துப் பேரைச் சுட்டு வீழ்த்திய பெருமையில் இருப்பவர்கள் இந்த வரியை வாசிக்காமல் தாண்டலாம்.

அதிர்ஷ்டம் இன்னொன்று. நம் பக்கத்துக் கொம்புமுறியில் இரண்டு வளைந்த கொம்பைக் கொளுவி, வடம் பூட்டி, ஊரே இரண்டு பக்கமும் நின்று இழுக்கும். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. கையின் பலத்தோடு மரத்தின் பலமும் சேர்ந்து தீர்ப்பதால் யாரும் வந்து வடம் பிடிக்கலாம். பப்ஜியில் எந்தப் பெட்டியில் எந்தத் துவக்கு, ஆட்டக்களத்தின் வட்டம் எந்தப் பக்கம் சுருங்கும் என்பதையெல்லாம் தற்செயலுக்கு விட்டிருப்பது இதற்காகத்தான். ஒரு ஆட்டத்தில் அத்தானுக்கும் அதிர்ஷ்டம் அடிக்கலாம். நூறு ஆட்டத்தின் கணக்கில் தம்பியே மேலே நிற்பான். சதுரங்கத்தில் இந்த வசதி இல்லை.

எனக்கு ஆகப் பிடித்தது வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டின் கதை. 2004இல் வெளிவருவதற்கு முந்திய சோதனைக் காலத்தில், அதிக நேரம் தொடர்ந்து விளையாடினால் கிடைக்கும் அனுபவப் புள்ளி பாதியாகும் என்று வைத்தார்கள். சோதனையாளர்கள் கொதித்தார்கள். பிறகு சாதாரண அளவை 200 சதவீதம் என்று பெயர் மாற்றி, ஓய்வெடுத்து வருகிறவருக்கு இரட்டிப்புப் புள்ளி, அது தீர்ந்தால் வழமையான 100 என்று அறிவித்தார்கள். கணக்கு ஏறக்குறைய அதேதான். கோபம் அடங்கிவிட்டது. அரை மணித்தியாலக்காரர் எப்போதும் இரட்டிப்பு வேகத்தில் ஏறுகிறார், இராப்பகலாகக் கிடக்கிறவர் தண்டனை வாங்கியதாக உணரவில்லை. அதே விளையாட்டில் 40 பேர் கட்டாயம் கூட வேண்டிய பெரிய சண்டைகளை 2007இல் 25 பேருக்குக் குறைத்தார்கள். 2011இல் முன்பின் தெரியாதவர்களோடும் நுழையக்கூடிய இலகுவான படி ஒன்றைத் திறந்தார்கள். பழையவர்கள் மரியாதை போய்விட்டது என்று புலம்பினார்கள். கடினமான படியும் அதன் தனிப்பட்ட பரிசுகளும் அப்படியே இருந்தன.

ஊர்ப் பொடியன்கள் தங்களுக்குள் தனி ரூம் போட்டு மோதும்போது இந்தக் கணக்கு எதுவும் உதவிக்கு வராது. ரூமைத் திறக்கிறவன்தான் ஆள் பிரிக்க வேண்டும். நல்ல நாலு பேரும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால் மூன்றாவது நாளில் மற்றப் பக்கத்துக்கு ஆள் வராது. எட்டுப் பேரையும் திறமைப்படி ஒன்றிலிருந்து எட்டுவரை வரிசைப்படுத்தி, 1, 4, 5, 8 ஒரு பக்கமும் 2, 3, 6, 7 மறுபக்கமும் போட்டால் இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை 18 வரும். ட்ரூஸ்கில்லும் அணியின் பலத்தை உறுப்பினர்களின் கூட்டுத்தொகையாகத்தான் எடுக்கிறது. முதலாவது ஆள் மற்றவர்களைவிட மிக மேலே இருந்தால் மட்டும் இந்தப் பிரிப்புச் சரிவராது. அப்போது அவனோடு 6, 7, 8 பேரை விட்டுப் பாருங்கள்.