வசனப் போட்டியில் தொலையும் குரல்

பிறந்தநாள் விழாவில் கதாநாயகர்களைப் போல் வசனம் பேசும் போட்டி நடத்தி, அதிகச் சத்தம் போட்ட பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். குரல் சிகிச்சை அளிப்பவள் என்ற முறையில் பலமுறை நேரில் சொல்லிச் சலித்துப்போனதால் இதை எழுதுகிறேன்.

அண்மையில் வந்த எட்டு வயதுச் சிறுவன், அப்படியொரு போட்டிக்காக வாரக்கணக்கில் வீட்டில் கத்திப் பழகியிருந்தான். ஒரே மூச்சில் ‘ஆ’ என்று இழுக்கச் சொன்னேன். பத்து விநாடியை எளிதாகத் தாண்ட வேண்டிய வயதில், நான்கைந்து விநாடிக்குள் குரல் உடைந்து வெறும் காற்று வந்தது. காது மூக்குத் தொண்டை மருத்துவர் உள்நோக்கியில் பார்த்தபோது, இரண்டு குரல்நாண்களிலும் எதிரெதிரே சிறு கணுக்கள், அதாவது தடித்த புடைப்புகள், இருந்தன. ஒரு நாள் கூச்சலில் இவை வந்துவிடுவதில்லை. ஓயாத பயிற்சியில் வருகின்றன.

எம்.ஆர். ராதாவின் கரகரப்பைப் போலி செய்யும் பிள்ளை, மெய்க் குரல்நாண்களுக்கு மேலே உள்ள பொய்க் குரல்நாண்களையும் சேர்த்து இறுக்குகிறது. சிவாஜியின் கர்ஜனைக்குப் பின்னால் சிறுவயது முதல் நாடகக் கம்பெனியில் பெற்ற பயிற்சி இருந்தது. நம் பிள்ளைகளுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் அலறும் ஒலிபெருக்கிதான்.

“தேனில் மிளகு குழைத்துக் கொடுத்தோம், கற்கண்டும் கொடுத்தோம், சரியாகவில்லை” என்று வியப்போடு சொல்லும் பெற்றோரே, எப்படிச் சரியாகும்? விழுங்கும் எதுவும் உணவுக்குழாய்க்குச் செல்கிறது. குரல்நாண்களோ மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கின்றன. விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்வதே உணவு அந்தப் பக்கம் போகாமல் தடுப்பதற்குத்தான். தேன் ஒரு துளி குரல்நாணைத் தொட்டாலும் பிள்ளைக்குப் புரையேறும். தொண்டைக்கு இதமாக இருக்கிறதென்றால் கொடுங்கள் (ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது). ஆனால் அது கணுவைக் கரைக்கும் என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். “வளர வளரச் சரியாகிவிடும்” என்பதும் பாதி உண்மைதான்: பலருக்குப் பருவ வயதில் கணுக்கள் மறைகின்றன என்றாலும், அதுவரை வகுப்பில் வாய் திறக்கவே கூசும் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

குரல் கம்மினால் கிசுகிசுக்கச் சொல்வதும் வேண்டாம். பலர் அப்போதும் தொண்டையை இறுக்கவே செய்கிறார்கள். மெதுவாக, இயல்பான குரலில் குறைவாகப் பேசினால் போதும். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். தொண்டையைச் செருமும் பழக்கத்தை விடட்டும்.

சினிமா விளையாட்டே கூடாதென்று நான் சொல்லவில்லை. சைகையால் படப் பெயரைக் கண்டுபிடிப்பது, நடிகரின் நடையைச் செய்துகாட்டுவது, பாட்டு நின்றதும் சிலைபோல் நிற்பது எல்லாம் குரலுக்குத் தீங்கில்லாத கொண்டாட்டங்கள். வசனம்தான் வேண்டுமென்றால் ஒலிவாங்கியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள், பின்னணி இசையைக் குறையுங்கள், சத்தத்துக்கு அல்லாமல் முகபாவத்துக்கு மதிப்பெண் போடுங்கள்.

கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தொண்டையில் வைரஸால் வளரும் மருக்களும் முதலில் இப்படியே தெரியும் என்பதால், உள்நோக்கியில் பார்க்காமல் கணு என்று யாரும் முடிவு செய்ய முடியாது. கணுவாகவே இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குரல் பயிற்சிதான் முதல் சிகிச்சை, அறுவை சிகிச்சையல்ல. ஆனால் மூச்சு இழுக்கும்போது கீச்சொலி கேட்டாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, மறுநாள் வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.