எந்த ஜெட்டை மாற்றுவது?

மணலிலும் மேட்டிலும் ஓடும் சின்ன பக்கி வண்டிகள் பலவற்றில் இருப்பது ஜிஒய்6 என்ற 150 சிசி ஸ்கூட்டர் என்ஜின்தான். அதில் அகலமான ஏர் ஃபில்டரையும் அடைப்பில்லாத சைலன்சரையும் மாட்டிவிட்டு, ‘முன்னைவிட இழுவை குறைஞ்சிடுச்சே’ என்று தலையைச் சொறிபவர்கள் நிறைய. காற்று கூடியது, பெட்ரோல் கூடவில்லை. கலவை லீன் ஆகிவிட்டது, அதாவது காற்றுக்குத் தக்க பெட்ரோல் இல்லை.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் குறுகலான தொண்டையில் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. உடனே அதன் அடியிலுள்ள கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலை வெளிக்காற்று ஜெட் என்ற சின்ன திருகின் துளை வழியாக மேலே தள்ளுகிறது. எவ்வளவு ஏறும் என்பது துளையின் அளவைப் பொறுத்தது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். முழு சக்தி வேண்டுமானால் 12.5, 13 என்று கொஞ்சம் ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, இருப்பது நல்லது. லீனாக விட்டு விரட்டினால் என்ஜின் சூடேறி பிஸ்டனே பிடித்துக்கொள்ளலாம்.

சரி, எந்த ஜெட்? எடுத்த எடுப்பில் மெயின் ஜெட்டைக் கழற்றுவதுதான் வழக்கம். பாதி நேரம் அது வீண் வேலை. ஐடிலிங்கிலும், ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கும்போதும் பெட்ரோல் தருவது பைலட் ஜெட். கால் பங்கு மிதியிலிருந்து முக்கால் வரை நீடிலின் ராஜ்ஜியம்; மேலெழும்பும்போது பெட்ரோலுக்கு வழிவிடும் கூரான ஊசி அது. அதற்கு மேலேதான் மெயின் ஜெட். எனவே கோளாறு எந்த மிதியில் வருகிறது என்று முதலில் பாருங்கள். மிதி பாதிக்கு மேல் இறங்காதபடி அடியில் ஒரு மரக்கட்டையைத் தடுப்பாக வைத்து ஓட்டினாலே நீடிலின் குணம் தெரிந்துவிடும். இந்த கார்புரேட்டர்களில் நீடிலுக்குப் பெரும்பாலும் உயரத்தை மாற்றும் கிளிப் வரிசை இருக்காது. அடியில் மெல்லிய வாஷர் ஒன்றைப் போட்டு உயர்த்தினால் கலவை ரிச்சாகும்.

முழு மிதியில் ஓடும்போது காலைச் சற்றே தளர்த்துங்கள். வண்டி திடீரென முன்னே பாய்ந்தால் மெயின் ஜெட் சிறியது. கெய்ஹின் என்ற கார்புரேட்டர் நிறுவனத்தின் வகையில் 105, 110 என்ற எண்கள் ஏறக்குறைய துளையின் விட்டம், அதாவது 1.05, 1.10 மில்லிமீட்டர். வித்தியாசம் அற்பமாகத் தெரியும், ஆனால் துளையின் பரப்பு கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுகிறது. அதனால் ஒவ்வொரு படியாகவே ஏறுங்கள். மிகுனி என்ற இன்னொரு நிறுவனத்தின் ஜெட்டுகளில் எண் கணக்கே வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். துளையை டிரில் போட்டுப் பெரிதாக்குகிறவர்களும் உண்டு; அப்புறம் அந்த ஜெட்டின் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

முழு மிதியில் ஓட்டி, அப்படியே என்ஜினை அணைத்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் நுனியிலுள்ள பீங்கான் வெள்ளையாக இருந்தால் லீன், கரி படிந்திருந்தால் ரிச், வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால் அதே ஜெட் கொஞ்சம் லீனாகும். மலை ஏறினால் நேரெதிர்: 1,000 மீட்டருக்குக் காற்றின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் குறைவதால் கலவை ரிச்சாகிவிடும்.

சமதரையில் நன்றாக ஓடி, குலுக்கலிலும் செங்குத்தான ஏற்றத்திலும் மட்டும் முக்கினால் ஜெட்டில் கை வைக்காதீர்கள். கிண்ணத்துப் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, ஜெட்டின் வாய் காற்றில் நிற்கிறது. அங்கே பார்க்க வேண்டியது கிண்ணத்தின் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டின் உயரத்தை.