வராத கதிர்களை வைத்து வாயுவைப் பிடிப்பது

பி.டி.எஸ். 456 என்றொரு குவாசர், 200 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால். நடுவில் ஒரு பெருங்கருந்துளை. அதில் விழப்போகும் வாயு சுழன்று சூடேறி வீசும் வெளிச்சத்தைத்தான் குவாசர் என்கிறோம். ஆனால் விழவேண்டிய வாயு முழுவதும் விழுவதில்லை. ஒரு பங்கு வெளியே சீறுகிறது. இதைக் குவாசரின் காற்று என்பார்கள். அந்த வாயுவை யாரும் படம்பிடித்ததில்லை. இருந்தும் அது ஒளிவேகத்தில் கால் பங்கில் ஓடுகிறது என்கிறார்கள். எப்படி?

வராத கதிர்களை வைத்துத்தான். கருந்துளைக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிர்களில் சிலவற்றை வழியிலுள்ள வாயு விழுங்கிவிடும். கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில் அந்த இடம் பள்ளமாகத் தெரியும். இதில் இரும்பு நமக்குப் பெரிய உதவி. அதன் 26 எலெக்ட்ரான்களில் 25-ஐ அங்குள்ள கதிர்வீச்சு பிய்த்தெறிந்துவிடும். மிஞ்சிய ஒன்று அடுத்த படிக்குத் தாவ 6.97 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். ஆகவே பள்ளம் 6.97-இல் விழவேண்டும்.

நமக்குத் தெரியும் பள்ளமோ 7.6-க்குப் பக்கத்தில். பிரபஞ்சம் விரிவதால் கதிர் வழியில் ஆற்றல் இழந்திருக்கும். இந்தக் குவாசருக்கு அந்தக் கணக்கு 1.184 மடங்கு. அதால் பெருக்கினால் 9 வருகிறது. 6.97 எப்படி 9 ஆனது? வாயு நம் பக்கமாகப் பாய்ந்து வருவதால். நெருங்கி வரும் பொருளின் கதிர் எவ்வளவு மாறும் என்று சொல்லும் டாப்ளர் சூத்திரத்தில் போட்டால் ஒளிவேகத்தில் 25 சதவீதம். ஒரே ஒரு பள்ளத்திலிருந்து இவ்வளவும்!

எக்ஸ் கதிர்களை வளிமண்டலம் உறிஞ்சிவிடும் என்பதால் விண்வெளிக்குத்தான் போகவேண்டும். அங்கேயும் சாதாரண ஆடி உதவாது. நேராகப் பட்ட கதிர் உள்ளே புதைந்துவிடும். தட்டைக் கல்லைத் தண்ணீர்மேல் சாய்த்து எறிந்தால் தத்திப் போகுமே, அப்படி உரசிப் போகும் கதிர்தான் திரும்பும். 1999-இல் ஏவிய எக்ஸ்எம்எம்-நியூட்டன் செயற்கைக்கோளின் ஒவ்வொரு தொலைநோக்கியிலும் தங்கம் பூசிய 58 ஆடிகள் குழாய்போல் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன.

2023 செப்டம்பரில் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிஸம் என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோள்தான் ஆட்டத்தை மாற்றியது. அதன் 'ரிசால்வ்' கருவியை வெப்பமானி என்றே சொல்லலாம். 36 கட்டங்கள், இதற்குக் கீழே குளிரவே முடியாது என்ற தனிச்சுழி வெப்பநிலைக்கு வெறும் 0.05 கெல்வின் மேலே. ஒரு கதிர்த்துகள் விழுந்தால் கட்டம் துளியூண்டு சூடாகும். எவ்வளவு சூடாகிறதோ அதிலிருந்து துகளின் ஆற்றல் கிடைக்கும், ஏறக்குறைய 5 எலெக்ட்ரான் வோல்ட் துல்லியத்தில். கேமராச் சில்லு போன்ற பழைய சிசிடி கருவிகளில் இது நூற்றுக்கும் மேல். (கருவியின் முன்மூடி விண்ணில் திறக்க மறுத்துவிட்டது. ஆற்றல் குறைந்த மென்கதிர்கள் அதோடு நின்றுவிடும். நல்லவேளை, இரும்பின் கதிர்கள் வலுவானவை, மூடியின் மெல்லிய பெரிலியத் தகட்டைத் துளைத்து வந்துவிடும்.)

2024-இல் இதே குவாசரைப் பார்த்தபோது, ஒற்றைப் பள்ளம் என்று நினைத்த இடத்தில் ஐந்து தனித்தனி வேகங்கள் இருந்தன, ஒளிவேகத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை. சீரான காற்றல்ல, கட்டிகட்டியாகப் பாய்கிறது, பத்து லட்சம் கட்டிகள் வரைகூட இருக்கலாம். ஆண்டுக்கு 60 முதல் 300 சூரியன்களின் நிறை வெளியேறுகிறது.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. இவ்வளவு வலுவான காற்று சுற்றியுள்ள வாயுவையும் தள்ளிக்கொண்டு போகவேண்டும். ஆனால் குவாசரைச் சூழ்ந்த விண்மீன் மண்டலத்தில் வெளியேறும் வாயுவின் ஆற்றல், இந்தக் காற்றின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கட்டிகள் மண்டலத்தின் இடைவெளிகள் வழியே நழுவியிருக்கலாம். அல்லது இந்தக் காற்றே விட்டுவிட்டு வீசுவதாக இருக்கலாம்.